வாய் திறக்காத பைபிள் ஸ்டடி: கோளாறு ஆட்களிடம் இல்லை, கேள்வியில்

கேள்வி: கடலூர் முதுநகரில் எங்கள் சபையின் சனிக்கிழமை பைபிள் ஸ்டடியை நான் நடத்துகிறேன். 14 பேர் வருகிறார்கள், பாதிப்பேர் மீன்பிடிக் குடும்பத்தார். போன வாரம் கெட்ட குமாரன் உவமையை வாசித்துவிட்டு, “இதிலிருந்து நாம் கற்றுக்கொள்ளும் பாடம் என்ன?” என்று கேட்டேன். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்தான் எப்போதும் பதில் சொல்கிறார். அடுத்த பாடம் மாற்கு 4, சீஷரோடு படகில் போன இயேசு, புயல் வந்தபோது கடலை அதட்டிய பகுதி. வகுப்பு நடத்தச் சான்றிதழ்ப் பயிற்சி தருவதாக ஒருவர் 4,500 ரூபாய் கேட்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள், சகோதரி. அந்தப் பணத்தில் கண் மங்கிய இரண்டு மூன்று பேருக்குப் பெரிய எழுத்து வேதாகமம் வாங்கிக் கொடுங்கள். வகுப்பு அன்றைக்கே பாதி தேறிவிடும்.

“கற்றுக்கொள்ளும் பாடம் என்ன?” என்ற கேள்வி, அச்சடித்த பாடப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. கேட்பவரிடம் ஏற்கெனவே ஒரு விடை தயாராக இருக்கிறது, அதை நாம் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்பது வந்திருப்பவர்களுக்குத் தெரியும். தப்பினால் ஆசிரியர் முன்னால் மானம் போகும். அதனால் வாயை மூடிக்கொள்கிறார்கள். அவர்கள் இடத்தில் இருந்தால் நீங்களும் அதைத்தான் செய்வீர்கள்.

அதே உவமையில், சொத்தை அழித்துவிட்டுத் திரும்பிய இளையவனுக்குத் தகப்பன் விருந்து வைக்க, மூத்தவன் கோபித்து வெளியே நிற்கிறான். அங்கே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “மூத்தவன் கடைசியில் வீட்டுக்குள் போனானா, போகவில்லையா?” எல்லாரும் புத்தகத்தைப் புரட்டுவார்கள். லூக்கா 15:32-இல் தகப்பன் பேசி முடித்ததும் கதை நின்றுவிடுகிறது. போனான் என்றும் இல்லை, போகவில்லை என்றும் இல்லை. “போயிருப்பான்” என்று ஒருவர் சொல்ல, “எங்க அண்ணனாயிருந்தா போயிருக்க மாட்டான்” என்று இன்னொருவர் சொல்வார். அங்கேதான் வகுப்பு தொடங்குகிறது. நல்ல கேள்விக்கு விடை தேடப் போகும் கண், உங்கள் முகத்தை விட்டு வசனத்துக்குப் போக வேண்டும்.

இனி மாற்கு 4:35-41. முக்கால் மணி நேரப் பேச்சுக்கு ஐந்து கேள்வி போதும். 12 கேள்வியோடு போனால் நீங்கள் ஓட்டப்பந்தயம் நடத்துவீர்கள். முதல் இரண்டும் பார்த்த மாத்திரத்தில் சொல்லக்கூடியவையாக இருக்கட்டும். அக்கரைக்குப் போகலாம் என்று முதலில் சொன்னது யார்? (இயேசுவே. அவர் போகச் சொன்ன வழியில்தான் காற்று வந்தது.) அவர் ஏறிய படகு மட்டும்தான் போயிற்றா? வேறே படவுகளும் கூட இருந்தன என்று 36-ஆம் வசனம் சொல்வதைப் பிரசங்கங்களில் யாரும் தொடுவதில்லை. அந்தப் படகுகளில் இருந்தவர்களும் அதே புயலில்தான் இருந்தார்கள்.

மூன்றாவது கேள்வியை மீன்பிடிப்பவர்களிடமே விடுங்கள். 1871-இல் வந்த பழைய மொழிபெயர்ப்பில் இயேசு ‘பின்னணியத்தில்’ தூங்கினார் என்று இருக்கிறது. புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் ‘பிற்பகுதியில்’. அணியம் எது, பின்னணியம் எது என்று விளக்க ஆசிரியரால் ஆகாது, தேவனாம்பட்டினத்து மீனவரால் ஆகும். “காற்று ஏறும்போது அங்கே ஒரு மனுஷன் தூங்க முடியுமா அண்ணே?” என்று கேளுங்கள். சீமோன், அந்திரேயா, யாக்கோபு, யோவான் நால்வரும் மீன்பிடிப்பவர்கள் என்று மாற்கு முதல் அதிகாரத்திலேயே வருகிறது. “தொழில் தெரிந்தவர்களே ‘மடிந்துபோகிறோம்’ என்று அலறினால் அது எப்படிப்பட்ட காற்று?” இது நான்காவது. நாள் முழுக்கப் பேசுவார்கள். கலிலேயாக் கடல் ஏறத்தாழ 21 கி.மீ. நீளமுள்ள நன்னீர் ஏரி, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் உள்ள தூரம் அளவுதான். கடல் மட்டத்துக்குக் கீழே 200 மீட்டருக்கும் அதிகமான பள்ளத்தில் கிடப்பதால் சுற்றியுள்ள மேட்டிலிருந்து காற்று திடீரென்று இறங்கும். இதை நீங்கள் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். தகவல் சொல்லப் போய்ப் பிரசங்கத்தில் முடிகிற வகுப்புகள் அனேகம்.

ஐந்தாவது: காற்று அமர்ந்த பிறகும் அவர்கள் “மிகவும் பயந்து” என்று 41-ஆம் வசனம் சொல்கிறது. முன்னால் இருந்த பயத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இதற்கு உங்களிடமே விடை இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது.

கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து எண்ணுங்கள். மூன்றாவது எண்ணிலேயே நீங்களே விடை சொல்லிவிடுவதால்தான், ‘கொஞ்சம் பொறுத்தா அக்காவே சொல்லிடும்’ என்று அவர்கள் பழகிவிட்டார்கள். பத்து எண்ணியும் அசைவில்லை என்றால், பக்கத்தில் இருப்பவரோடு மூன்று நிமிடம் பேசச் சொல்லுங்கள். கூட்டத்தில் பேசாத பெண்கள் இருவராக இருக்கும்போது பேசுவார்கள். பிறகு “உங்க ரெண்டு பேர்ல என்ன பேச்சு வந்துச்சு?” என்று கேட்டால் தன் கருத்தாக இல்லாமல் சொல்லிவிடுவார்கள். வரிசையாக ஆளுக்கு ஒரு வசனம் வாசிக்கச் சொல்லாதீர்கள். எழுத்துக் கூட்டி வாசிப்பவர் தன் முறை வரும்வரை ஒரு வார்த்தையும் காதில் வாங்க மாட்டார், அடுத்த வாரம் வரவும் மாட்டார்.

ஆசிரியர் விஷயம் எளிது. வட்டமாக நாற்காலி போட்டு அவரை உங்கள் எதிரே உட்கார வைக்காதீர்கள், பக்கத்து நாற்காலியில் வையுங்கள். எதிரே இருப்பவர் கண்ணைப் பார்த்துப் பேசுவார், பக்கத்தில் இருப்பவருக்கு அந்த வாய்ப்பு குறைவு. முந்தின நாளே போன் செய்து, “ஐயா, இந்தப் பகுதியோடு ஒத்துப்போகும் வசனங்களை நீங்கள் எடுத்து வைத்திருங்கள், கடைசியில் கேட்கிறேன்” என்று வேலை கொடுங்கள். மரியாதையும் குறையாது, மற்றவர்களுக்கு இடமும் கிடைக்கும்.

தப்பான பதில் வந்தால் உடனே திருத்தாதீர்கள். “எந்த வசனத்துல பார்த்தீங்க?” என்று கேட்டால் பாதித் தப்பு தானே திருந்தும். ஞானஸ்நானம் எப்படிக் கொடுக்க வேண்டும், அந்நியபாஷை (ஆவியில் நிறைந்து பேசும் அறியாத பாஷை) உண்டா என்ற சண்டைகளை ஆயரிடம் அனுப்பிவிடுங்கள்.

ஆனால் ஒரு இடத்தில் பத்து எண்ணக் கூடாது, உடனே பேச வேண்டும். உங்கள் வகுப்பில் 2004 டிசம்பர் 26 சுனாமியில் வீட்டாரைக் கடலுக்குப் பறிகொடுத்தவர்கள் இருக்கலாம். தானே புயலில் 2011-இல் வீடு போனவர்கள் இருக்கலாம். 40-ஆம் வசனம் “ஏன் உங்களுக்கு விசுவாசம் இல்லாமற்போயிற்று” என்கிறது. இதைப் பிடித்துக்கொண்டு யாராவது, “விசுவாசம் இருந்திருந்தா தப்பிச்சிருப்பாங்க” என்பார். கெட்ட எண்ணத்தில் அல்ல, கேட்ட பிரசங்கத்தில் இருந்து. அந்த வாக்கியம் காற்றில் நிற்க விடாதீர்கள். “பகுதியைப் பார்ப்போம்” என்று உடனே நிறுத்தி, ஒன்றைக் காட்டுங்கள்: விசுவாசம் இல்லை என்று கடிந்துகொள்ளப்பட்டவர்கள் அத்தனை பேரும் உயிரோடு கரை சேர்ந்தார்கள். ஆகவே செத்தவருக்கு விசுவாசம் குறைவு, பிழைத்தவருக்கு நிறைவு என்ற கணக்கை இந்தப் பகுதியே உடைக்கிறது. அடுத்து லூக்கா 13:4. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். எருசலேமில் எல்லாரையும்விட அவர்கள் பாவிகளா என்று இயேசுவே கேட்டு, அப்படியல்ல என்கிறார். ஆசிரியர் உடனே, “மனந்திரும்பாமற்போனால் என்று அடுத்த வசனம் இருக்கிறதே” என்பார். இருக்கிறது. அது உயிரோடு நின்று கேட்டவர்களுக்குச் சொன்னது, செத்த 18 பேரைப் பற்றிய தீர்ப்பு அல்ல. பிறவிக் குருடனைப் பற்றி, அவனும் பாவம் செய்யவில்லை, அவன் பெற்றோரும் செய்யவில்லை என்று இயேசு சொல்லும் யோவான் 9:3-ஐயும் கையில் வைத்திருங்கள். இழந்தவரைப் பார்த்து, “நீங்க என்ன சொல்றீங்க?” என்று கேட்டுவிடாதீர்கள். அவராகப் பேசினால் கேளுங்கள். அவர் அழுதால் பாடத்தை அங்கேயே நிறுத்தி ஜெபித்து அனுப்புங்கள், மிச்சக் கேள்வி எங்கேயும் போகாது.

இந்த ஒன்றையாவது யாராவது உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். கோடையில் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி (வி.பி.எஸ்.) நடத்தப் போகிறவர்களை உட்காரவைத்துப் பயிற்சி கொடுக்கிறார்கள், பாட்டுக்குக் கையசைவு உட்பட. பெரியவர்கள் வகுப்புக்கோ, கமிட்டியில் ஒருவர், “அக்கா நல்லா ஜெபம் பண்றாங்க” என்பார், அதோடு நியமனம் முடிந்தது. மைக் செட்டுக்குப் பணம் உண்டு, கேள்வித்தாள் ஜெராக்ஸ் போட 30 ரூபாய்க்கு ரசீது கேட்பார்கள்.

அந்த ஓட்டையில்தான் சான்றிதழ்க்காரர் நுழைகிறார். என்ன தருவார் என்றால், ஆங்கிலத்திலிருந்து அவசரமாகத் தமிழாக்கிய 50 பாடம், “இந்தப் பகுதி உங்களுக்கு எப்படி உணர்த்துகிறது?” போன்ற தமிழே இல்லாத கேள்விகள், தங்க முத்திரை போட்ட தாள். கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால் ‘டாக்டர்’ பட்டமும் கிடைக்கும். இறையியலில் பட்டம் என்று யார் சொன்னாலும், பட்டம் வழங்கும் அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். மேற்கு வங்கத்தில் உள்ள செராம்பூர் கல்லூரிக்கு அது 1827-இல் டென்மார்க் மன்னர் கொடுத்த சாசனத்திலும் 1918-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இருக்கிறது. இவருடையது ரப்பர் ஸ்டாம்பில் இருக்கும். வாட்ஸ்அப்பில் வரும் ‘ரெடிமேட் பைபிள் ஸ்டடி’யும் இதே சரக்குதான், இலவசம் என்பது மட்டும் வித்தியாசம்.

சனிக்கிழமைக்கு முன் வியாழக்கிழமை இரவு ஐந்து கேள்விகளையும் வீட்டில் யாரிடமாவது வாசித்துக் காட்டுங்கள். முதல் இரண்டைத் தவிர, “ஆமா”, “இல்ல” என்ற ஒரே சொல்லோடு அவர் பேச்சை முடித்துவிடும் கேள்வியை அடித்துவிட்டு வேறு எழுதுங்கள். முதல் கேள்வியை ஆசிரியரைப் பார்த்துக் கேட்காமல், பின்னணியம் தெரிந்தவர் பக்கம் திரும்பிக் கேளுங்கள்.