பின்பாட்டு இல்லாத மேடை

அன்புள்ள ஐயா,

குடியாத்தத்தில் இருந்து எழுதுகிறேன். வீட்டில் தறி ஓடுகிறது. சனி, ஞாயிறு சாயங்காலம் ஆனால் தறியை நிறுத்திவிட்டு நானும் மாமியாரும் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவோம். பாட்டுப் போட்டி ஒன்றையும் விடுவதில்லை. ஆனால் இப்போதெல்லாம் கோபம்தான் வருகிறது. நன்றாகப் பாடுகிறவர்கள் வெளியே போகிறார்கள், வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லி அழுகிறவர்கள் உள்ளே இருக்கிறார்கள். நடுவர்கள் எதற்கெடுத்தாலும் கண்ணைத் துடைக்கிறார்கள். பாதி நேரம் தொகுப்பாளர்களின் கேலிப் பேச்சிலேயே போகிறது. ஓட்டுப் போடச் சொல்கிறார்கள், யார் எண்ணுகிறார்கள் என்று தெரியவில்லை. எல்லாமே சினிமாப் பாட்டு. வாணி ஜெயராம் பிறந்த வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளை இவர்கள் கண்டுகொள்வதே இல்லை என்று மாமியார் புலம்புகிறார். இந்தப் போட்டிகள் நேர்மையானவைதானா? இவற்றை இத்தனை ஆர்வமாகப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறதா? உங்கள் கருத்தை எழுதுங்கள்.

இன்னொன்று. என் பையனுக்குப் பன்னிரண்டு முடிந்துவிட்டது. நன்றாகப் பாடுவான். கொஞ்ச நாளாக மேலே போகும்போது மட்டும் பிசிறடிக்கிறது. அடுத்த தடவை சின்னப் பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்தால் கூட்டிப் போகலாம் என்று இருக்கிறோம்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதுவது அந்தக் கடைசிப் பத்திக்காக. மற்றதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

நடுவர்கள் அழுகிறார்கள் என்றால் அழட்டும். பாட்டைக் கேட்டு அழுவது குற்றமில்லை. கேலிப் பேச்சு பிடிக்கவில்லையா, அந்த நேரத்தில் சத்தத்தைக் குறைத்துவிட்டு மாமியாரோடு பேசுங்கள். ஓட்டைப் பற்றி இவ்வளவு மனம் புழுங்கத் தேவையில்லை. 2001-ல் இங்கிலாந்தில் ‘பாப் ஐடல்’ என்று ஆரம்பித்தார்கள். 2004-ல் அது இந்தியில் ‘இந்தியன் ஐடல்’ ஆனது. 2006-ல் தமிழில் ‘சூப்பர் சிங்கர்’ வந்தது. இந்த மாதிரி நிகழ்ச்சிகளில் பார்க்கிறவரை ஓட்டுப் போட வைப்பதன் நோக்கம், அவரை அடுத்த வாரமும் வரவைப்பது. தனக்கும் இதில் ஒரு கை இருக்கிறது என்று நினைத்தால் வருவார். யார் நன்றாகப் பாடினார் என்று அளப்பதற்காக அந்த ஓட்டை யாரும் கொண்டுவரவில்லை. எல்லாம் சினிமாப் பாட்டு என்பதும் முழுக்கச் சரியில்லை. 2018-ல் செந்தில் கணேஷ் நாட்டுப்புறப் பாட்டுகளைப் பாடித்தானே சூப்பர் சிங்கரில் ஜெயித்தார்? நீங்களும் பார்த்துக் கைதட்டியிருப்பீர்கள்.

போதும். இனி உங்கள் பையன்.

‘மேலே போகும்போது மட்டும் பிசிறடிக்கிறது.’ இதை எழுதிய கை எப்படியம்மா அடுத்த வரியிலேயே அவனைப் போட்டிக்குக் கூட்டிப் போவதாக எழுதியது? நடுவர் கண்ணைத் துடைப்பது தெரிகிறது, தொகுப்பாளர் எங்கே எல்லை மீறுகிறார் என்று தெரிகிறது, சொந்தப் பிள்ளையின் தொண்டையில் நடப்பது மட்டும் தெரியவில்லையா? அவனுக்கு மகரக்கட்டு தொடங்குகிறது. ஆண்பிள்ளைகள் எல்லாருக்கும் வருவது, பெரும்பாலும் பன்னிரண்டில் இருந்து பதினைந்துக்குள். குரல்வளை பெரிதாகிறது, உள்ளே இருக்கும் குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன. ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்கும்வரை குரல் எங்கேயும் நிலையாக நிற்காது. நேற்று எட்டிய ஸ்வரம் இன்று எட்டாது. எட்டவில்லையே என்று கழுத்து நரம்பு புடைக்க இழுத்தால் நாண்களில் தடிப்பு விழும். அந்தத் தடிப்பு குரலோடு தங்கிப்போகவும் கூடும். பெண்பிள்ளைகளுக்கும் குரல் மாறும், ஆனால் இவ்வளவு பள்ளமாக இறங்காது. இது நோய் கிடையாது. மருந்தும் வேண்டாம். காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

காத்திருப்பது மட்டும்தான் அந்த மேடையில் நடக்காது. வாரா வாரம் ஒரு சுற்று. போன வாரத்தைவிட இந்த வாரம் மேலே போ என்பார்கள். சின்னப் பையன் உச்சஸ்தாயியில் நின்றால்தானே கூட்டம் எழுந்து நிற்கிறது? பன்னிரண்டு வயதுக் குரலில் இருக்கும் அந்தக் கண்ணாடித்தன்மைதான் அவர்களுக்கு வேண்டும். அது உடைவதற்கு முன்னால் படம் பிடித்துவிட வேண்டும். உடைந்த பிறகு அடுத்த வருடத்துக்கு வேறு பன்னிரண்டு வயதுப் பையன் கிடைப்பான்.

போன ஆவணி முகூர்த்தத்தில் காட்பாடியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். அன்று பார்த்த ஒன்று இன்னும் தொண்டையில் சிக்கிக்கொண்டு நிற்கிறது. உங்கள் கடிதம் வந்தபோது அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வரவேற்பில் பாட்டுக் கச்சேரி. ஏதோ ஒரு போட்டியில் சில வருடங்களுக்கு முன்னால் பாடிய பையன் என்று ஒருவனை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவன் பாடிய காலத்தில் ஊரெல்லாம் அவனுக்கு பேனர் கட்டியிருந்தார்களாம். இப்போது மீசை அரும்பியிருந்தது. ‘டிவியில் பாடினியே, அதையே பாடு’ என்றார்கள். கீபோர்டுக்காரர் பழைய சுருதியிலேயே எடுத்துவிட்டார். பல்லவி எப்படியோ கடந்தது. அனுபல்லவியில் மேலே போன இடத்தில் குரல் இரண்டாகப் பிளந்தது. முன்வரிசையில் ஒருவர் சிரித்தார், பிறகு நாலைந்து பேர். போனைத் தூக்கிப் படம் பிடித்தவர்களும் உண்டு. அவனுடைய அம்மா மேடைக்குப் பக்கத்தில் நின்று, இன்னும் பாடு என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மாவை நான் குறை சொல்லமாட்டேன். பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. உங்களுக்கு நான் சொல்கிறேன்.

நான் பிறந்தது ஆரணிக்கும் சேத்துப்பட்டுக்கும் நடுவில் ஒரு கிராமம். அன்றைக்கு வட ஆற்காடு, இன்றைக்குத் திருவண்ணாமலை மாவட்டம். எங்கள் திரௌபதி அம்மன் கோவிலில் அக்னி வசந்த விழா என்றால் பகலில் பாரதச் சொற்பொழிவு, ராத்திரியில் விடியவிடியக் கூத்து. வருடா வருடம் ஒரே ஜமாதான், அதாவது ஒரே கூத்துக் குழுதான் வரும். அதில் ஒரு பையன் அபிமன்னன் (அபிமன்யு) வேஷம் கட்டுவான். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவன். அவன் திரைக்குப் பின்னால் இருந்து முதல் அடியை எடுத்தால் எங்கள் தெரு ஆயாக்கள் வெற்றிலை இடிப்பதை நிறுத்திவிடுவார்கள். ஒரு வருடம் அபிமன்னன் சண்டை அன்று, சுபத்திரையிடம் விடைபெறும் இடத்தில் அவன் குரல் உடைந்தது. காட்பாடியில் உடைந்ததே, அதே மாதிரிதான்.

அங்கே என்ன நடந்தது தெரியுமா? கூத்தில் ஆடுகிறவன் தனியாகப் பாடுவதே கிடையாது. அவன் ஒரு அடி பாடினால், பின்னால் ஆர்மோனியத்தோடும் தாளத்தோடும் உட்கார்ந்திருக்கிறவர்கள் அதே அடியை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். அதுதான் பின்பாட்டு. அந்த நேரத்தில் ஆடுகிறவன் மூச்சு வாங்கிக்கொள்வான், கிரிக்கி போட்டு ஒரு சுற்றுச் சுழன்றுவிட்டு வருவான். பையனின் குரல் உடைந்த அந்த அடியை ஜமாவை நடத்தும் வாத்தியார் பின்பாட்டில் இருந்து எடுத்தார். எடுத்தவர் விடவில்லை, திரும்பத் திரும்ப அதையே பாடிக்கொண்டிருந்தார். பையன் ஆடினான். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் குறுக்கே வந்து, சண்டைக்குப் போகிறவனே, அம்மாவிடம் சாப்பிட்டாயா என்று என்னவோ கேட்டான். கூட்டம் சிரித்தது. பையனும் பேச்சிலேயே பதில் சொன்னான். அதற்குள் அந்த இடம் கடந்துவிட்டது. எனக்குப் பக்கத்தில் இருந்த ஆயா, ‘கொரலு ஒடையுதுடி, புள்ள ஆளாவறான்’ என்று இன்னொரு ஆயாவிடம் சந்தோஷமாகச் சொன்னாள். ஏதோ அவள் வீட்டு விசேஷம் போல.

அடுத்த வருடம் அவன் வேஷம் கட்டவில்லை. பின்னால் உட்கார்ந்து தாளம் போட்டான். எங்களுக்கெல்லாம் ஏமாற்றம். போய் வாத்தியாரிடம் கேட்டோம். ‘தொண்ட மாறுற வரைக்கும் பாட்டு கெடையாது. காது கத்துக்கட்டும்’ என்றார். திரை பிடித்தான். கிரீடத்துக்குக் கண்ணாடிச் சில்லு ஒட்டினான். அரிதாரம் குழைத்துக் கொடுத்தான். பின்பாட்டில் கடைசி ஆளாக, தனக்கு வசதியான கீழ்க்குரலில் முனகிக்கொண்டிருந்தான். சாப்பாடும் பங்கும் அவனுக்கு உண்டு. யாரும் அவனை வெளியேற்றவில்லை. பிறகு எங்கள் ஊருக்கு அவன் கர்ணனாக வந்தான். கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற்றுப் போகும் இடத்தை அவன் பாடியபோது அந்தக் குரலில் அபிமன்னன் துளியும் இல்லை. கனத்த, கீழே ஊன்றி நிற்கிற புதுக் குரல். அந்தக் குரலைச் செய்தது அவன் பாடாமல் உட்கார்ந்திருந்த வருடங்கள். ராத்திரி முழுக்கப் பெரியவர்கள் பாடுவதைக் கேட்டுக் கேட்டு வந்தது அது.

கிழவன் பழைய காலத்தைப் புகழ்கிறான் என்று நினைக்காதீர்கள். செய்யாறு பக்கத்தில் இருக்கிற புரிசையின் கூத்தைப் பார்த்து வியந்த நாடக எழுத்தாளர் ந. முத்துசாமி 1977-ல் சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். பட்டணம் நம் பக்கம் வந்து கற்றுக்கொண்ட கலை இது. ஆனால் பழைய காலத்தில் எல்லாமே கருணையாக இருந்ததாகவும் சொல்லமாட்டேன். பையன்களை வைத்தே நடத்திய பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் மகரக்கட்டு வந்த பையனுக்குப் பாட்டு வேஷம் போய்விடும். பலருக்கு அதோடு நாடகமே போயிற்று. ஜமாவில் அப்படிப் போகாததற்குக் காரணம் இருந்தது. பையன் பெரும்பாலும் வாத்தியாருக்கு மகனாகவோ அக்கா பிள்ளையாகவோ இருப்பான். அடுத்த வருடமும் அதே ஊருக்குப் போயாக வேண்டும். முப்பது வருடம் ஆடப்போகிறவனைப் பன்னிரண்டு வயதில் செலவழித்துவிட முடியாது.

டிவி மேடையில் உங்கள் பையனுக்குப் பின்பாட்டு யார்? குரல் உடையும் இடத்தில் அந்த அடியை வாங்கிக்கொள்ளப் போவது யார்? நடுவர் நல்லவராகவே இருக்கலாம். ‘பரவாயில்லை கண்ணா’ என்பார். அந்த நொடியில் கேமரா உங்கள் முகத்துக்கு வரும். நீங்கள் அழுவீர்கள். இந்த வாரம் நீங்கள் கோபித்துக்கொண்டீர்களே, வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லி அழுகிறவர்கள் என்று, அவர்களில் ஒருவராக நீங்களும் உட்கார்ந்திருப்பீர்கள்.

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்கலாம். குழந்தைத் தொழிலாளர் விதிகளை 2017-ல் திருத்தினார்கள். குழந்தையை நிகழ்ச்சியில் சேர்க்கிற தயாரிப்பாளர் மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைக் குழந்தையின் பெயரில் வங்கியில் போட வேண்டும். நல்ல விதிகள்தான். கூட்டிப் போகிற பெற்றோரில் எத்தனை பேர் அந்த அனுமதிக் காகிதத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறார்கள்? எத்தனையாவது மணி நேரம் ஓடுகிறது என்று யார் கடிகாரம் பார்க்கிறார்கள்? அப்படியே பார்த்தாலும், அந்த விதிகள் எண்ணுவது மணியையும் பணத்தையும். உடைகிற குரலை இழுத்துப் பாட வைக்காதே என்று அவற்றில் எழுதியில்லை. அதை அம்மாதான் சொல்ல வேண்டும்.

மாமியார் வாணி ஜெயராமைச் சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது. அவர் 1945-ல் வேலூரில் பிறந்தவர். சின்ன வயதிலேயே கர்நாடக சங்கீதம் படித்தவர். வங்கியில் வேலை பார்த்தார். கல்யாணமாகிப் பம்பாய் போன பிறகு உட்கார்ந்து இந்துஸ்தானி கற்றுக்கொண்டார். இந்திப் படத்தில் அவர் குரல் ஊருக்குக் கேட்டது 1971-ல், இருபத்தைந்து வயதுவாக்கில். அதன் பிறகு மூன்று தேசிய விருதுகள். அந்தக் குரல் முழுதாக விளைவதற்கு அவருக்கு வருடங்கள் கிடைத்தன. மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள். பேரன் விஷயத்தில் உங்களைவிட அவர் சீக்கிரம் புரிந்துகொள்வார் என்று தோன்றுகிறது.

பையனைப் பாடாதே என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தன் குரல் கெட்டுப்போய்விட்டது என்று அவனே நினைத்துப் பயந்துகொண்டிருப்பான். கெடவில்லை, மாறுகிறது என்று அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லுங்கள். ஐந்து கட்டை சுருதியில் பாடிக்கொண்டிருந்தால் இரண்டு கட்டை இறக்கிப் பாடட்டும், அதுவும் சிரமமானால் இன்னும் இறக்கட்டும். மேலே போகும் இடத்தை விட்டுவிடட்டும், கத்த வேண்டாம். தொண்டை கட்டியிருக்கும் நாளில் வாயைத் திறக்கவே வேண்டாம். வலியோ கரகரப்போ வாரக்கணக்கில் இருந்தால் தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். இரண்டு மூன்று வருடம் அவன் கைக்கு ஏதாவது ஒரு வாத்தியம் கொடுங்கள், தாளமானாலும் சரி, ஆர்மோனியமானாலும் சரி. சித்திரை, வைகாசியில் ஆரணிப் பக்கம் எங்கேயாவது பாரதம் வைத்திருப்பார்கள். ஒரு ராத்திரி கூட்டிப் போய், ஆடுகிறவன் முன்னால் வேண்டாம், பின்பாட்டுக்காரர்களுக்குப் பக்கத்தில் உட்காரவையுங்கள்.

அடுத்த கடிதத்தில் யார் வெளியேறினார், யார் அழுதார் என்று எழுத வேண்டாம். அவன் இப்போது எந்தக் கட்டையில் சிரமமில்லாமல் பாடுகிறான் என்று பார்த்து எழுதுங்கள். வீட்டில் ஆர்மோனியம் இல்லையென்றால் போனிலேயே சுருதிப்பெட்டி கிடைக்கிறது. அவனையே கண்டுபிடித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

அன்புடன்.