மீனுக்காக அழுத அப்பா

வணக்கம் டீச்சர்.

என் பெயரைப் போட வேண்டாம். எங்கள் ஃபேக்டரியில் உங்கள் பக்கத்தைப் படிப்பவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். மூவரும் என் ஷிஃப்ட்.

எனக்கு 42 வயது. பிறை என்ற ஊரில் டெக்னீஷியன் வேலை. மகள் இந்த வருஷம்தான் முதலாம் ஆண்டில் சேர்ந்தாள். போன பள்ளி விடுமுறையில் அவளோடு உட்கார்ந்து 'ஃபைண்டிங் நீமோ' பார்த்தேன். 2003-ல் நண்பர்களோடு பார்த்துச் சிரித்த படம். இந்த முறை தொடக்கத்திலேயே, தாய் மீனும் முட்டைகளும் போய் ஒற்றை முட்டை மட்டும் மிஞ்சும் இடத்தில், எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம் படம் முழுக்கத் துடைத்துக்கொண்டே இருந்தேன். மனைவி சிரித்தார். மகள், "அப்பா, அந்த மீனு உங்கள மாதிரியே இருக்கு" என்றாள். பள்ளி திறந்த முதல் வாரம் அவள் போகிற வேனுக்குப் பின்னாலேயே நான் மோட்டாரில் போனது அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

பொம்மைப் படங்கள் பெரியவர்களை ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கின்றன? "டிக்கெட் வாங்குறது நாமதானே, அதனால நமக்கும் நாலு ஜோக் போட்டு வைக்கிறான்" என்கிறான் நண்பன். அவ்வளவுதானா? இல்லை, எனக்கு வயசாகிவிட்டதா?

ஒரு வாசகர், பட்டர்வொர்த்

அன்புள்ள தம்பி,

வயசாகிவிட்டது. சுருக்கமான பதில் அதுதான்.

20 வயதில் அந்தப் படத்தை நீங்கள் நீமோவின் இடத்திலிருந்து பார்த்தீர்கள். அப்பா ஒரு தொல்லை, கடல் பெரிசு, எப்போது தப்பிக்கலாம் என்ற கணக்கு. இப்போது அதன் அப்பா மீன் மார்லினின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்த இடத்திலிருந்து பார்க்கும்போது கடல் வேறு மாதிரித்தான் தெரியும். படமே அங்கிருந்துதான் பிறந்தது. அதை இயக்கிய ஆண்ட்ரூ ஸ்டான்டன் தன் சின்ன மகனைப் பூங்காவுக்குக் கூட்டிப்போன ஒரு நாளைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். பிள்ளையோடு கொஞ்ச நேரம் இருக்கலாம் என்று போனவர், அதைத் தொடாதே, அங்கே போகாதே என்று அதட்டியே அந்த நேரத்தைத் தீர்த்துவிட்டாராம். 2015-ல் வந்த 'இன்சைட் அவுட்' படமும் அப்படித்தான். கலகலவென்று இருந்த மகள் 11 வயதை ஒட்டித் திடீரென்று வாயடைத்துப் போனதைப் பார்த்துக் கவலைப்பட்ட ஓர் அப்பா, அதன் இயக்குநர் பீட் டாக்டர், யோசித்த கதை அது. இவையெல்லாம் பெற்றவர்கள் தங்கள் பயத்தை வைத்துச் செய்த படங்கள். பிள்ளைகளையும் கூடவே உட்கார வைத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

உங்கள் நண்பர் சொல்கிற ஜோக் விஷயம் பொய்யில்லை. ஆனால் அது இவ்வளவு தூரம் தாங்காது. 1992-ல் 'அலாவுதீன்' வந்தபோது பூதத்துக்குக் குரல் கொடுத்த ராபின் வில்லியம்ஸ் நிமிஷத்துக்கு ஓர் ஆளைப்போலப் பேசிக் காட்டுவார். பெரும்பாலும் அமெரிக்கத் தொலைக்காட்சியிலும் சினிமாவிலும் வந்தவர்கள். பினாங்கில் பார்த்த எங்களுக்கு அதில் பாதிப்பேர் யாரென்றே தெரியாது. பெரியவர்களுக்கு என்று தனியாக வைத்த பலகாரம் எங்கள் தட்டுக்கு வந்து சேரவே இல்லை. ஆனாலும் ரசித்தோம். அந்த மாதிரி ஜோக்குகள்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் ஊசிப்போகிறவை. இப்போது வருகிற சில படங்களில் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கைப்பேசியை வைத்து ஜோக் அடிக்கிறார்கள். பத்து வருஷம் கழித்து அதற்குப் பொழிப்புரை எழுத வேண்டியிருக்கும்.

என் அம்மாவின் கதையைச் சொன்னால் நான் நினைப்பது புரியும்.

அம்மா கூலிம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பால் வெட்டியவர். தமிழை விட்டால், பசாரில் மீன் வாங்கும் அளவுக்கு மலாய் தெரியும். 'அப்' படம் 2009-ல் வந்தது. ஆண்டிறுதி விடுமுறையில் பிள்ளைகள் பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் வாங்கி வந்த சிடியில் அதைப் போட்டார்கள் (அப்போது எல்லார் வீட்டிலும் அப்படித்தான், கண்டுகொள்ளாதீர்கள்). பேச்சு ஆங்கிலம். கீழே ஓடியது சீன எழுத்து. அம்மா ஓரமாக உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

அந்தப் படத்தின் தொடக்கத்தில் நாலு நிமிஷம் போல யாரும் பேசமாட்டார்கள். கார்லும் எல்லியும் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். பழைய வீடு ஒன்றைச் சரிசெய்து குடிபோகிறார்கள். பிள்ளை இல்லை என்று ஆகிறது. தென்னமெரிக்காவில் ஓர் அருவியைப் பார்க்கப் போவதற்கு ஒரு ஜாடியில் காசு சேர்க்கிறார்கள். கார் டயர் போகிறது, ஜாடியை உடைக்கிறார்கள். கால் முறிகிறது, உடைக்கிறார்கள். மரம் கூரை மேல் விழுகிறது, மறுபடியும் உடைக்கிறார்கள். அருவியைப் பார்க்காமலே எல்லி போய்ச் சேருகிறார்.

கீரை ஆய்ந்த கை நின்றுவிட்டது. "நம்ம மைலோ டின்னு மாதிரி" என்றார் அம்மா.

எங்கள் வீட்டு மைலோ டின் நாகப்பட்டினக் கப்பலுக்கானது. அம்மா பிறந்தது இங்கேதான். தன் அப்பாவின் ஊரை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. அண்ணனுக்கு டைஃபாய்டு வந்தபோது டின் காலி. என் பரீட்சைக் கட்டணத்துக்கு ஒரு தரம், தங்கச்சி சடங்குக்கு ஒரு தரம். எண்பதுகளின் நடுவில் எம்.வி. சிதம்பரம் கப்பல் கடலில் தீப்பிடித்து உயிர்ச்சேதம் ஆனது. அதோடு அந்தக் கப்பல் பயணமே நின்றுபோனது. பிற்பாடு, விமானத்தில் போகலாம் வாம்மா என்று நாங்கள் கூப்பிட்டால், "இனிமே அங்க யாரு இருக்கா" என்றுவிட்டார்.

படம் ஓடியது. கிழவரின் வீட்டைச் சுற்றிப் பெரிய கட்டடங்கள் எழும்புகின்றன. அவரை முதியோர் இல்லத்துக்கு அனுப்பத் தீர்ப்பாகிறது. மறுநாள் காலையில் ஆயிரக்கணக்கான பலூன்களைக் கட்டி வீட்டையே தூக்கிக்கொண்டு பறந்துவிடுகிறார். என் மகள், "ஏன் பாட்டி, வீட்டோட போறாரு?" என்று கேட்டாள். அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கொண்டுபோக முடிஞ்சா யாருதான் விட்டுட்டுப் போவா?"

எங்கள் தோட்டம் தொண்ணூறுகளில் கைமாறியது. நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. இப்போது அங்கே வரிசை வரிசையாகத் தரை வீடுகள். அம்மா அம்மியையும் கறிவேப்பிலைக் கன்றையும் எடுத்துக்கொண்டார். வாசல் நிலையில் வருஷக்கணக்காக மஞ்சள் பூசி வந்த பலகையையும் பெயர்த்துத் தரச் சொல்லி மாமாவைக் கேட்டார். லாரியில் இடமில்லை என்று அவர் மறுத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பலகையைப் பற்றி அம்மா வாய் திறந்ததே இல்லை. பலூன் வீடு பறந்த அன்றைக்குத்தான் பேசினார். பிள்ளைகளுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. திரையில் ஒரு நாய் பேச ஆரம்பித்திருந்தது, உருண்டு புரண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அம்மா தீவிர சிவாஜி ரசிகை. சிவாஜி படத்துக்கு அழாத நாள் இல்லை. ஆனால் சிவாஜி அழுதால் நாம் சிவாஜிக்காகத்தான் அழுவோம். அவர் முகம் அவ்வளவு நிறைந்த முகம், நாம் உள்ளே நுழைய இடம் கிடைக்காது. கார்லுக்கு வைத்திருப்பது ஒரு சதுரத் தலை, கட்டைக் கண்ணாடி. வேறு யாருடைய முகமும் இல்லை. அம்மா தாராளமாக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். உங்களுக்கும் அந்த ஆரஞ்சு மீனுக்குள் இடம் இருந்திருக்கிறது. உண்மையான ஓர் ஆள் நடித்து, மனைவியையும் பிள்ளைகளையும் முதல் ஐந்து நிமிஷத்தில் இழந்திருந்தால் நீங்கள் சேனலை மாற்றியிருப்பீர்கள்.

பொம்மை என்றால் பிள்ளைகளுக்கு என்று யார் முடிவு செய்தார்களோ தெரியவில்லை. கிளந்தானில் வாயாங் கூலிட் நிழற்கூத்தில் ராமனும் ராவணனும் தோலில் வெட்டிய உருவங்கள்தான். விடிய விடிய உட்கார்ந்து பார்த்தது பெரியவர்கள். இங்கே பினாங்கில் சீனர் கோயில் திருவிழாக்களில் போத்தேஹி என்ற கையுறைப் பொம்மைக் கூத்து நடக்கும். அது முதலில் சாமிக்கு, அப்புறம்தான் நமக்கு. சாமி பார்க்கிற பொம்மையை நீங்கள் பார்த்து அழுததற்கு மனைவி சிரித்தாராம்!

நம் நாட்டுக் கார்ட்டூன்களையும் விட்டுவிட வேண்டாம். இந்த நாட்டின் முதல் அனிமேஷன் குறும்படமான 'ஹிக்காயாட் சாங் கஞ்சில்' உருவானதில் அரசாங்கத்தின் படப்பிரிவான ஃபிலம் நெகாராவில் வேலை பார்த்த ஆனந்தம் சேவியர் என்பவரின் உழைப்பு பெரியது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? அப்புறம் 2007-ல் நோன்பு மாதத்தை ஒட்டி வந்த 'உப்பின் இப்பின்'. இரட்டைப் பையன்களுக்கு அப்பா அம்மா இல்லை. பாட்டியும் அக்காவும் வளர்க்கிறார்கள். நான் வேலையில் இருந்த காலத்தில் ஆண்டு இரண்டு பிள்ளைகள் அதில் வரும் ஜர்ஜித் என்ற பையன் மாதிரி பந்துன் என்கிற மலாய்ப் பாட்டுச் சொல்லித் திரிவார்கள். ஆசிரியர் அறையில் நாங்களும் அதைப் பற்றித்தான் பேசுவோம், ஆனால் வேறு காரணத்துக்காக. மலாய்க்காரப் பையன், சீனப் பெண், நம் ராஜு எல்லாரும் ஒரே திடலில் விளையாடுகிறார்கள், பசித்தால் முத்து அங்கிள் கடை. பிள்ளைகளுக்கு அது சும்மா ஒரு திடல். தோட்டத்தையும் கம்பம் என்கிற கிராமத்தையும் விட்டு ஒன்பதாவது மாடிக்கு வந்த எங்களுக்கு அப்படி இல்லை. அந்தக் கம்பம் கொஞ்சம் அளவுக்கு மீறித் துடைத்து வைத்த மாதிரி இருக்கும் என்பது என் குறை. நிஜத் திடலில் சண்டையும் இருந்தது.

எல்லாக் கார்ட்டூனும் இப்படி என்று சொல்ல மாட்டேன். கத்தலும் ஓட்டமுமாகப் பல படங்கள் வருகின்றன. பேரன் பார்க்கும்போது நான் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

உங்கள் மகள் விஷயத்துக்கு வருகிறேன். அழுததை மறைக்க வேண்டாம். அவள்தான் ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டாளே, வேனைக் கண்டுபிடித்த மாதிரி. வேன் ஓட்டுகிறவரின் தொலைபேசி எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பெட்ரோலாவது மிஞ்சும்.

நானும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் மகன் இடைநிலைப்பள்ளிக்கு முதன்முதலாகத் தனியாக பஸ்ஸில் போன அன்று, ஆயர் ஈத்தாமிலிருந்து டத்தோ கிராமாட் சாலை வரை அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே காரில் போனேன். தலையில் துண்டு போட்டிருந்தேன், அடையாளம் தெரியக்கூடாதாம். அவனுக்கு இப்போது 38 வயது. அன்றைக்கு என்னைப் பார்த்தானா என்று இதுவரை நான் கேட்டதில்லை.

அன்புடன்,
டீச்சர்