எதோடு பொருந்திப்போக வேண்டும்?

அன்புள்ள அண்ணா,

திருப்பூர் பக்கம் ஒரு கல்லூரியில் உளவியல் நடத்துகிறேன். என் மாணவிகளில் பாதிப்பேர் வீட்டின் முதல் பட்டதாரிகள். அம்மா பனியன் கம்பெனியில் டெய்லர் அல்லது செக்கிங், அப்பா தறி. உளவியலை விமர்சனத்தோடு கற்பிக்க வேண்டும் என்று ஒரு பயிலரங்கில் சொன்னார்கள். பாடம் மனதில் ஏறும் முன்பே அதைச் சந்தேகப்படச் சொன்னால் பிள்ளைகள் குழம்பமாட்டார்களா? எல்லாவற்றுக்கும் சமூகம்தான் காரணம் என்று படித்துவிட்டுப் போனால், எதிரே உட்கார்ந்து அழுகிற பெண்ணுக்கு என்ன செய்வார்கள்?

கே., பல்லடம்

அன்புள்ள கே.,

கடைசியாகக் கேட்டீர்களே, அந்தக் கேள்வியை அப்படியே வகுப்பில் போடுங்கள். ஆனால் அதற்கு முன் ஒரு கதை சொல்லுங்கள்.

1851-ல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற அமெரிக்க மருத்துவர், அடிமைகள் எஜமானனை விட்டு ஓடிப்போவது ஒரு மனநோய் என்று எழுதினார். 'டிராப்பிடோமேனியா' என்று கிரேக்கத்தில் பெயரும் வைத்தார். பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்து முடிக்கட்டும், அப்புறம் நம்மூர் நூல் மில்லுக்கு வாருங்கள். மூன்று வருஷம் விடுதியில் தங்கி வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று 'சுமங்கலித் திட்ட'த்தில் பெண்பிள்ளைகளைக் கூட்டிவந்தார்களே, அந்த மில். அங்கே ஒருத்தி தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை, சுவரேறிக் குதிக்கப் பார்த்தாள் என்று வைத்துக்கொள்வோம். நிர்வாகம் கவுன்சிலரைக் கூப்பிடுகிறது. போவது உங்கள் மாணவி. பொருந்திப்போவதில் கோளாறு என்று ஒரு நோய்ப்பெயர் இன்றைய பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது, எழுதிவிடலாம். எதோடு பொருந்திப்போக வேண்டும் என்று அவள் கேட்பாளா? நைட் ஷிப்ட் எத்தனை நாள் என்று? தனக்குச் சம்பளம் தருவது யார், தான் எழுதும் அறிக்கை யார் மேஜைக்குப் போகிறது என்று?

இதைக் கேட்கப் பழக்குவதுதான் விமர்சனப் பார்வை. தயவுசெய்து இதை ஐந்தாவது யூனிட்டாக வைத்துவிடாதீர்கள். ஐந்தாவது யூனிட் பரீட்சைக்கு முந்தின வாரம்தான் வரும், நோட்ஸ் கொடுத்துவிட்டு ஓடவேண்டியதுதான். (நான் படித்தது அப்படித்தான்.) நோய்ப்பெயர்கள் நடத்துகிற அன்றைக்கே கார்ட்ரைட்டும் வரட்டும். 1973 வரை தன்பால் ஈர்ப்பும் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப்பட்டியலில் இருந்தது என்பதும் வரட்டும்.

உங்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. மனநோய் என்பதே கட்டுக்கதை என்று 1960-ல் தாமஸ் சாஸ் என்ற அமெரிக்க மனநல மருத்துவரே எழுதினார். அதை இங்கே அப்படியே இறக்குமதி செய்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி தர்கா பக்கத்துக் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டியிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் செத்தார்கள். மருத்துவத்தின் அதிகாரம் மிஞ்சிப்போனதால் நடந்ததல்ல அது, முறையான வைத்தியம் கிடைக்காததால் நடந்தது. ஆகவே அழுகிற பெண்ணுக்கு மாத்திரை தேவையென்றால் அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பத்தான் வேண்டும். ஷிப்டைப் பற்றிக் கேட்பதால் மாத்திரை வேண்டாம் என்று ஆகிவிடாது.

பாடம் ஏறுவதற்கு முன்பே சந்தேகமா என்றால், இரண்டும் சேர்ந்தே ஏறும். எல் சால்வடோரில் இக்னாசியோ மார்ட்டின்-பரோ என்ற உளவியலாளர், உள்நாட்டுப் போர் நடக்கும்போதே, 1986-ல் தன் பல்கலைக்கழகத்தில் ஒரு கருத்துக்கணிப்பு நிறுவனம் தொடங்கினார். மக்களின் எண்ணம் இதுதான் என்று அரசு சொன்னதை எண்களை வைத்தே மறுத்தார். 1989 நவம்பரில் ராணுவம் அவரைச் சுட்டுக்கொன்றது. புள்ளியியல் எதற்கு என்று கேட்கும் பிள்ளைகளிடம் இவரைச் சொல்லிப்பாருங்கள்.

சரி, ஒரு வேலை. மன அழுத்த வினாத்தாளை இந்த முறை வகுப்பில் நிரப்பவேண்டாம். வீட்டுக்குக் கொண்டுபோய், ஒன்றரை ஷிப்ட் தைத்துவிட்டு வந்த அம்மாவிடம் கேட்கட்டும். "தூக்கம் நல்லா வருதா" என்றால், "படுத்தாத்தானே கண்ணு" என்று பதில் வரும். அதற்கு எந்தக் கட்டத்தில் டிக் அடித்தார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.