வேஷம் கட்டி நடக்கப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

கே: 5 கிலோமீட்டர் நிதி திரட்டும் நடைக்கு ரோபோ வேஷம். அட்டையில் செய்யலாமா?

ப: தூறல்கூட வேண்டாம், உங்கள் வியர்வைக்கே அட்டை கழுத்துப் பக்கம் தொளதொளத்துவிடும். ஈ.வி.ஏ. ஃபோம் வாங்குங்கள், செருப்பின் அடிப்பாகம் மாதிரி மெத்தென்ற ஷீட். உடம்புக்கு 10 மி.மீ. தடிமன், மேல் வேலைப்பாட்டுக்கு 5 அல்லது 2. செருப்பு ஒட்டுகிற ரப்பர் பசையை இரண்டு பக்கமும் பூசி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, அப்புறம் அழுத்துங்கள். அதன் ஆவி தீப்பிடிக்கும், தலையும் சுற்றும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்புப் பக்கம் போகாதீர்கள். பெயின்டுக்கு முன், சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னால் லேசாகச் சூடு காட்டினால் மேல்பரப்பின் துளைகள் மூடிக்கொள்ளும்.

பாரத்தைத் தோளில் தொங்கவிடாமல் இடுப்பு பெல்ட்டில் இறக்குங்கள். கண்ணாடி முன் நின்றால் எல்லா வேஷமும் அழகுதான். அந்த வேஷத்தோடு மாடி ஏறி இறங்கி, உட்கார்ந்து எழுந்து, ஒரு தடவை கழிப்பறைக்கும் போய் வாருங்கள். துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கே: சூட்டில் உருக்கி ஒட்டுகிற ஹாட் குளூ போதாதா சார்?

ப: போதாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் இளகிவிடும். இறங்கும்போது கை தனி, கால் தனி.

கே: என் மகளுக்கு மூன்று வயது. தலையை முழுக்க மூடும் வேஷத் தலை மாட்டலாமா?

ப: வேண்டாம். காது வைத்த ஹேர்பேண்ட், கன்னத்தில் இரண்டு மீசைக் கோடு. பூனை தயார்.

கே: கரடித் தலைக்குள் மூச்சு முட்டுகிறது. கண் துளையில் வைத்த பிளாஸ்டிக்கில் பனி படிகிறது.

ப: பனி உங்கள் மூச்சுதான். உச்சியில் சின்ன 5 வோல்ட் ஃபேன் வைத்து உள்காற்றை வெளியே தள்ளுங்கள். தாடைப் பக்கம் திறப்பு இருந்தால் புதுக்காற்று தானாக ஏறும். பவர் பேங்கைத் தலைக்குள் வைக்காமல் இடுப்பில் கட்டுங்கள்.

ஆனால் ஃபேன் முகத்துக்குத்தான் உதவும். ரோம உடைக்குள் வியர்வை ஆவியாக வழியில்லை, அதனால் உடம்பு குளிராது. நான் 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை தலையைக் கழற்றித் தண்ணீர் குடிப்பேன். குமட்டல், தள்ளாட்டம், பேச்சுக் குழறல் என்றால் அந்த இடத்திலேயே உடையைக் கழற்றி, உடம்பில் தண்ணீர் ஊற்றி, ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். 'வியர்க்கிறதே, ஒன்றுமில்லை' என்று இருக்காதீர்கள். நடந்து உழைத்து வரும் வெப்பத்தாக்கில் வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கலாம். பேச்சு குழறுவது உங்களுக்கே தெரியாது. துணைக்கு ஆள் எதற்கென்றால், இதற்கு.

கே: குழந்தைகள் எதிரே தலையைக் கழற்றுவதா? கரடிக்குள்ளிருந்து மனுஷன் எட்டிப் பார்த்தால் அந்தப் பிள்ளை என்ன ஆகும்?

ப: கரடி மயங்கி விழுவதைப் பார்த்தால் மட்டும் சிரிக்குமா?

கே: கிண்டல் வேண்டாம் அண்ணா. பத்து வருஷமாகத் தனியாகத்தான் போகிறேன். ஒன்றும் ஆகவில்லை.

ப: சரி, பாதி ஒத்துக்கொள்கிறேன். சும்மா ஓய்வெடுக்க மறைவுக்குப் போங்கள், அதுதான் மரியாதை. தலை சுற்றும்போது மறைவு தேடாதீர்கள். தனியாகப் போவதை மட்டும் ஏற்கவே மாட்டேன். ஒரு தடவை நான் கழுகுத் தலையோடு போனேன். அலகுக்குக் கீழே எதுவும் தெரியாது. முட்டி உயரத்தில் ஒரு பொடியன் நின்றிருக்கிறான். கூட வந்தவர் என் வாலைப் பிடித்து இழுத்ததால் மிதிக்காமல் தப்பினேன். உங்கள் பத்து வருஷத்தில் இப்படி எத்தனை நடந்ததென்று உங்களுக்கு எப்படித் தெரியும்? கீழேதான் தெரியாதே!

கே: உண்டியலோடு போய் வசூல் செய்யலாமா?

ப: நடத்துகிறவர்களைக் கேளுங்கள். பொம்மைத் துப்பாக்கிக்கும் அதே பதில்.

கே: நல்ல ஹாட் குளூ எது?

ப: மேலே படியுங்கள்.

கே: விலை கூடின ஹாட் குளூ இளகாதாமே?

ப: மேலே!

கே: நாற்றம் போக என்ன செய்வது?

ப: உள்பஞ்சை வெல்க்ரோவில் மாட்டியிருந்தால் கழற்றித் துவைக்கலாம். ஒட்டிவிட்டீர்களா? அப்படியானால் அன்று ராத்திரியே தலையைக் கவிழ்த்து, டேபிள் ஃபேன் முன் விடிய விடியக் காயவையுங்கள். ஈரத்தோடு பையில் போட்டால் அடுத்த நடைக்குப் புதுக் கரடிதான் செய்ய வேண்டும்.