தோட்டம்: கெய்லார்டியா பூச்செடி – கேள்வி பதில்

கேள்வி: கெய்லார்டியா முழங்காலுக்கு மேல் வளர்ந்து சாய்ந்துவிட்டது. இலைதான் இருக்கிறது, பூ இல்லை. வாரந்தோறும் கடலைப் பிண்ணாக்குக் கரைசல் ஊற்றுகிறேன். எங்கள் நிலம் கரிசல்.
– வாசகி, திருமங்கலம்

பதில்: முதலில் பிண்ணாக்கை நிறுத்துங்கள். அதிலுள்ள தழைச்சத்துதான் செடியை இலையிலேயே ஓட விடுகிறது. பூக்காத செடிக்கு உரம் போதவில்லை என்று நினைப்பது வழக்கம். கெய்லார்டியாவில் பெரும்பாலும் நேர்மாறு. வட அமெரிக்காவின் வறண்ட, சத்துக் குறைந்த நிலங்களிலிருந்து வந்த செடி இது. நடும்போது குழிக்கு ஒரு கைப்பிடி மட்கிய தொழு உரம் போட்டால் அநேகமாகப் போதும்.

இப்போது ஒவ்வொரு தண்டிலும் நுனியிலிருந்து மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடுங்கள். பக்கக் கிளைகள் வெடித்து மொட்டு வைக்கும். தினமும் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழுகிறதா என்றும் பாருங்கள். நிழலிலும் இப்படித்தான் நெட்டையாக வளர்ந்து சாயும்.

கரிசல் நீரைப் பிடித்து வைக்கும். அடுத்த முறை அரை அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டு, செம்மண்ணும் மணலும் தாராளமாகக் கலந்து, செடிக்குச் செடி ஒரு அடி விட்டு நடுங்கள்.

கேள்வி: மொட்டைமாடித் தொட்டியில் இரண்டு முறை விதைத்தும் முளைக்கவில்லையே?
– வாசகர், அண்ணாநகர், மதுரை

பதில்: ஆழமாகப் புதைத்திருப்பீர்கள். இந்த விதை முளைக்க வெளிச்சம் உதவும். ஈரமான கலவையின் மேல் தூவி, விரலால் லேசாக அழுத்தி, பூவாளியால் தெளித்தால் ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும். நான்கைந்து இலை வந்ததும் பிடுங்கி நடலாம். ஐப்பசி அடைமழையில் நாற்று விடாதீர்கள், அழுகிப்போகும். கார்த்திகைக் கடைசியில் விதைத்தால் பங்குனியில் பூ தொடங்கி, சித்திரைத் திருவிழா சமயத்தில் நிறைந்திருக்கும். வீரிய ஒட்டு (கலப்பின) ரகங்களில் எடுத்த விதை தாய்ச்செடியின் நிறத்தை அப்படியே தராது.

கேள்வி: செடி வாடுகிறது. தண்ணீர் ஊற்ற ஊற்ற இன்னும் வாடுகிறது!
– வாசகி, மேலூர்

பதில்: உச்சிவெயிலில் தொங்கி மாலையில் நிமிர்ந்தால் கவலை இல்லை. காலையிலும் வாடியிருந்து மண்ணும் ஈரமாக இருந்தால் வேர் அழுகல்தான். ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள்: வேர் பழுப்பாகி, இழுத்தால் தோல் உரிந்து வரும். அந்தச் செடி பிழைக்காது, அகற்றிவிடுங்கள். மிச்சச் செடிகளுக்கு, ஒரு கிலோ மட்கிய தொழு உரத்தில் வேர் அழுகலை எதிர்க்கும் நன்மை தரும் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி 50 கிராம் கலந்து வேரைச் சுற்றித் தூவுங்கள். தண்டின் அடியில் மண்ணோ சருகோ குவிய விடாதீர்கள். இனி மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகே தண்ணீர், அதுவும் காலையில், இலை நனையாமல்.

கேள்வி: மாலை கட்ட ஆகுமா?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: தாராளமாக. இதழ்கள் குழல் குழலாக நிறைந்த அடுக்கு ரகம் மாலைக்கு எடுப்பாக இருக்கும். மல்லிக்குப் பழகிய நம் ஊரில் மணமில்லாதது ஒரு குறைதான். விரிந்த பூக்களை விடியலில் பறியுங்கள். பறிக்கப் பறிக்க மொட்டு வரும், விதை கட்ட விட்டால் பூப்பு குறையும். சிலருக்குச் செடி பட்டுக் கை அரிக்கும். அவர்கள் கையுறை போட்டுக்கொள்ளட்டும்.