ஆறு அணிகள் விடுவித்த ஓட்டக்காரர்

கேள்வி: ரஹீம் மோஸ்டர்ட் என்ற அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரரை விடாமுயற்சிக்கு உதாரணமாகப் பலரும் புகழ்கிறார்கள். பதினைந்து மாதங்களுக்குள் ஆறு அணிகள் அவரைக் கழற்றிவிட்டிருக்கின்றன. ஆறு பயிற்சியாளர்களுமா தப்புக் கணக்குப் போட்டார்கள்? ஊர் ஊராக அலைந்த ஒரு சராசரி ஆட்டக்காரரை, ஒரே ஒரு பெரிய ஆட்டத்தில் நன்றாக ஓடினார் என்பதற்காகத் தூக்கிப் பிடிப்பது நியாயமா?

பதில்: ஆறு பயிற்சியாளர்களும் தப்புக் கணக்குப் போடவில்லை. மோஸ்டர்ட்டும் சராசரி ஆட்டக்காரர் இல்லை. இவை ஒன்றுக்கொன்று முரண் என்று நினைத்ததில்தான் உங்கள் கேள்வி தடம் மாறுகிறது. என்.எஃப்.எல். என்ற அமெரிக்கக் கால்பந்து லீக்கில் ஒருவரை விடுவிப்பது பெரும்பாலும் அவருடைய திறமைக்குப் போடும் மதிப்பெண் அல்ல, பட்டியலில் இருக்கும் இடங்களின் கணக்கு.

அந்தக் கணக்கைப் பாருங்கள். ஒரு அணியின் பட்டியலில் 53 பேர். மோஸ்டர்ட் நுழைந்த 2015-இல் ஆட்ட நாளன்று அவர்களில் 46 பேர்தான் களமிறங்கத் தகுதி பெறுவார்கள். இப்போது 48 பேர் வரை. அந்த 46-இல், மோஸ்டர்ட்டைப் போலப் பந்தை ஏந்தி ஓடும் ரன்னிங் பேக்குகளுக்கு வழக்கமாக மூன்று இடம். முதலாமவர் ஆட்டத்துக்குப் பதினைந்து, இருபது முறை பந்தை ஏந்தி ஓடுவார். இரண்டாமவர் அவருக்கு ஓய்வு தருவார். மூன்றாமவரின் கைக்குப் பல ஆட்டங்களில் பந்தே வராது. அவர் தன் இடத்தைச் சம்பாதிப்பது ஸ்பெஷல் டீம்ஸ் எனப்படும், பந்தை உதைக்கும் முயற்சிகளுக்கு இறங்கும் உதைக்குழுக்களில். ஒரு வாரம், தற்காப்பின் இரண்டாம் வரிசையில் நிற்கும் லைன்பேக்கர்கள் இருவருக்குக் காயம் என்றால் அந்த இடத்துக்கு உடனே ஆள் வேண்டும், பட்டியலில் இடம் திறக்க வேண்டும். அப்போது பறிபோவது அநேகமாக இந்த மூன்றாமவரின் இடம்தான். அவர் முந்தைய வாரம் எப்படி ஓடினார் என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு.

விடுவித்த பிறகு என்ன நடக்கிறது என்பதும் தெரிய வேண்டும். நான்கு பருவங்கள் முழுமையாகச் சேராத ஆட்டக்காரர் நேரே சுதந்திரமாகிவிட மாட்டார். வேவர் பட்டியலுக்குப் போவார். மற்ற 31 அணிகளும் மறுநாளுக்குள் அவரைக் கேட்கலாம். பலர் கேட்டால் மோசமான வெற்றிக்கணக்கு உள்ள அணிக்கே முன்னுரிமை, பழைய ஒப்பந்தமும் அப்படியே அந்த அணியின் தலையில் ஏறும். யாரும் கேட்காவிட்டால் பிராக்டிஸ் ஸ்குவாட், அதாவது பயிற்சியில் மட்டும் பங்கேற்கும் குழு. 2015-இல் அங்கே குறைந்தபட்ச ஊதியம் வாரத்துக்கு 6,600 டாலர். 53 பேர் பட்டியலில் இருக்கும் புதியவருக்கோ பருவத்துக்கு 4,35,000 டாலர். பருவத்தின் 17 வாரங்களுக்குப் பிரித்தால் வாரத்துக்கு ஏறக்குறைய 25,600. ஒரே திடல், ஒரே பயிற்சி, கால் பங்குக்குச் சற்றே கூடுதலான பணம்.

மோஸ்டர்ட் பர்டியூ பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர். அங்கே தடகளத்தில் 60, 100, 200 மீட்டர் ஓட்டங்களில் பிக் டென் என்ற பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் பட்டங்கள் வென்றவர். கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2015-இல், ஏழு சுற்றிலும் யாரும் அவரை எடுக்கவில்லை. ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் பயிற்சி முகாமுக்கு அழைத்து, செப்டம்பரில் விடுவித்துத் தன் பிராக்டிஸ் ஸ்குவாடில் வைத்தது. அங்கிருந்து மயாமி டால்ஃபின்ஸ் தூக்கிக்கொண்டது. பிறகு பால்டிமோர் ரேவன்ஸ், க்ளீவ்லேண்ட் பிரவுன்ஸ், நியூயார்க் ஜெட்ஸ், சிகாகோ பேர்ஸ். ஒன்று விட்டதும் இன்னொன்று எடுத்ததே தவிர, ஒரு முறைகூட அவர் நீண்ட நாள் வேலையின்றி உட்காரவில்லை. ஆறு அணிகள் கழற்றிவிட்டன என்கிறீர்கள். அதே மாதங்களில் ஆறு அணிகள் அவரைத் தேடி எடுத்தன என்பதையும் சேர்த்தல்லவா எண்ண வேண்டும்?

2016 நவம்பர் கடைசியில் ஏழாவதாக எடுத்தது சான் ஃபிரான்சிஸ்கோ 49-ers. அப்போது அங்கே தலைமைப் பயிற்சியாளர் சிப் கெல்லி. 2015-இல் ஈகிள்ஸின் தலைமைப் பயிற்சியாளரும் அதே சிப் கெல்லிதான். அணி மாறி அணி போகும் ரன்னிங் பேக்கின் உண்மையான முதலீடு இதுதான்: தன்னைப் பயிற்சியில் பார்த்த ஒரு பயிற்சியாளர் வேறெங்கோ பொறுப்பேற்பது. இது மோஸ்டர்ட்டுக்கு மட்டும் நடந்ததல்ல. ஜஸ்டின் ஃபோர்செட் 2008 டிராஃப்டில் ஏழாம் சுற்றில் தேர்வானவர். சியாட்டில், இண்டியானாபொலிஸ், மீண்டும் சியாட்டில், ஹூஸ்டன், ஜாக்சன்வில் என்று சுற்றினார். 2013-இல் ஜாக்சன்வில்லில் அவர் பந்தேந்தி ஓடியது மொத்தமே 6 முறை. ஹூஸ்டனில் அவரை வைத்திருந்த கேரி கூபியாக் 2014-இல் பால்டிமோரின் தாக்குதல் பயிற்சியாளரானார். ஃபோர்செட்டும் அங்கே போனார். அந்தப் பருவத்தில் 1,266 யார்டு (கெஜம்), ஓட்டத்துக்குச் சராசரி 5.4. கால் அதே கால்தான். அவருக்குப் பொருந்திய ஆட்டமுறை திரும்பக் கிடைத்தது.

அந்த ஆட்டமுறை அவுட்சைட் ஸோன். பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கின் பின்னால், முயற்சி தொடங்கும் கோட்டிலிருந்து ஏறக்குறைய 7 யார்டு பின்னே ரன்னிங் பேக் நிற்பார். முன்வரிசை ஐந்து பேரும் ஒரே பக்கமாக ஓடித் தடுப்பார்கள். பந்தை வாங்கியவர் அந்தப் பக்கத்துக் கடைசித் தடுப்பாளரின் வெளிக்காலைக் குறிவைத்து ஓட வேண்டும். எதிராளி உள்ளே மடக்கப்பட்டிருந்தால் வெளியே சுற்றிப் போகலாம். எதிராளியும் வெளியே ஓடினால் வெளிக்காலை ஊன்றி ஒரே ஒரு வெட்டு, நேராக முன்னே. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். இடைவெளி தெரிந்த மாத்திரத்தில் வெட்டினால், எதிரணி லைன்பேக்கர் இன்னும் பக்கவாட்டில் நகர்ந்திருக்க மாட்டார். அவர் மடியிலேயே போய் விழ வேண்டியதுதான். இரண்டாவது வெட்டுக்கு ஆசைப்பட்டால் பின்னாலிருந்து துரத்துபவர் எட்டிவிடுவார். காத்திருக்கப் பொறுமை, வெட்டிய அடுத்த அடியிலேயே முழு வேகம், இரண்டும் ஒரே காலில் வேண்டும். மோஸ்டர்ட்டிடம் அந்த வேகம் இருந்தது. 2020 செப்டம்பரில் ஜெட்ஸுக்கு எதிராக முதல் முயற்சியிலேயே 80 யார்டு ஓடியபோது பதிவான உச்ச வேகம் மணிக்கு 23.09 மைல், அதாவது 37 கிலோமீட்டருக்கும் மேல். தலைக்கவசமும் தோள்பட்டைக் காப்பும் மாட்டிக்கொண்டு.

ஆனால் 2019 வரை அவருக்குச் சோறு போட்டது இந்த ஓட்டம் இல்லை, பன்ட் ஆட்டம். மூன்று முயற்சிகளில் 10 யார்டு நகர முடியாத அணி, நான்காவதில் பந்தைத் தூர உதைத்துவிடும். அப்போது இரு ஓரங்களிலும் நிற்பவர்கள் கன்னர்கள். பந்து உதைபடும் முன்பே கோட்டைத் தாண்டி ஓட அவர்கள் இருவருக்கு மட்டுமே அனுமதி. மற்றவர்கள் உதை விழும்வரை காத்திருக்க வேண்டும். பந்து காற்றில் நிற்பது நாலரை விநாடி அளவு. அதற்குள் தன்னை மறிக்கும் ஒருவரையோ இருவரையோ தாண்டி, 40 யார்டுக்கு மேல் ஓடி, பந்தைப் பிடிப்பவர் முன்னால் நிற்க வேண்டும். கடைசி ஐந்து யார்டில் அடியைச் சுருக்கத் தெரியாதவர் அவரைத் தாண்டியே ஓடிவிடுவார். அந்த ஓரம் முழுதும் திறந்துவிடும். தானாக எல்லைக்கு வெளியே ஓடினால் தண்டனை. தள்ளப்பட்டால் உடனே உள்ளே திரும்ப வேண்டும். தொலைக்காட்சியில் பலரும் தண்ணீர் குடிக்க எழுந்து போகும் நேரம் இது. மூன்றாம் ரன்னிங் பேக்கின் அடுத்த வாரச் சம்பளம் அந்த நேரத்தில்தான் தீர்மானமாகிறது.

இன்னொரு வேலை, குவார்ட்டர்பேக்கைக் காப்பது. பந்தை வீசும் முயற்சியில் எதிரணி கூடுதல் ஆளை அனுப்பினால், ரன்னிங் பேக் உள்ளிருந்து வெளியே பார்க்க வேண்டும். குவார்ட்டர்பேக்குக்குக் கிட்டத்தில் வருபவரே முதல் ஆபத்து. ஓரத்தில் வருபவரைப் பார்த்து அங்கே போனால் நடுவில் வருபவர் அடித்துவிடுவார். தலையைக் குனிந்து பாயக் கூடாது. கைகள் எதிராளியின் மார்புக்குள் போக வேண்டும். எவ்வளவு அழகாக ஓடினாலும் இதில் ஒருமுறை தவறினால் அடுத்த வீச்சுக்கு அவரை வெளியே உட்கார வைத்துவிடுவார்கள்.

‘ஒரே ஒரு ஆட்டம்’ என்று நீங்கள் சொல்வது 2020 ஜனவரி 19 அன்று க்ரீன் பே பேக்கர்ஸுக்கு எதிராக நடந்த, லீக்கின் ஒரு பாதியான என்.எஃப்.சி. பிரிவின் இறுதி. 29 ஓட்டம், 220 யார்டு, பந்தை எதிரணியின் கடைசி எல்லைக்குள் கொண்டுசேர்க்கும் டச்டவுன் 4. 49-ers 37-20 என வென்றது. அவர்களுடைய குவார்ட்டர்பேக் ஆட்டம் முழுவதும் வீசியது 8 முறைதான், அதற்கு மேல் தேவைப்படவில்லை. பருவ ஆட்டங்களுக்குப் பிறகு நடக்கும் பிளேஆஃப் ஆட்டம் ஒன்றில் அதைவிட அதிக யார்டு அதுவரை ஓடியிருந்தவர் எரிக் டிக்கர்சன் ஒருவரே, 248. அந்த இரவு சக ரன்னிங் பேக் டெவின் கோல்மன் தோளில் அடிபட்டு வெளியேறியதால் மோஸ்டர்ட்டின் பொறுப்பு கூடியது உண்மை. ஆனால் அதற்கு முந்தைய பருவ ஆட்டங்களிலேயே அவர் 137 ஓட்டத்தில் 772 யார்டு எடுத்திருந்தார், சராசரி 5.6. ஒரு இரவின் அதிர்ஷ்டம் 137 முறை வராது.

பிறகும் பாதை நேராகவில்லை. ஏற்கெனவே 2018-இல் முன்கை எலும்பு முறிந்திருந்தது. 2020-இல் கணுக்காலில் காயம், 2021-இன் முதல் ஆட்டத்தில் இரண்டே ஓட்டத்தோடு முழங்கால் குருத்தெலும்பு போய் அந்தப் பருவமே முடிந்தது. முப்பதை நெருங்கும், அறுவை சிகிச்சை செய்த ரன்னிங் பேக்கை எந்த அணியும் பெருந்தொகைக்கு எடுக்காது. 2022-இல் அவரை எடுத்தது மயாமி, ஒப்பந்தம் ஓராண்டுக்குத்தான். அங்கே புதிதாகத் தலைமையேற்றவர் மைக் மெக்டேனியல், 49-ers அணியில் ஓட்ட ஆட்டத்தை வகுத்துக் கொடுத்தவர். மறுபடியும் தெரிந்த பயிற்சியாளர், அதே ஆட்டமுறை. 2023-இல் 31 வயதில் 209 ஓட்டம், 1,012 யார்டு, ஓடி எடுத்த டச்டவுன் மட்டும் 18. அந்த ஆண்டு லீக்கிலேயே அதுதான் அதிகம். ஆயிரம் யார்டை அவர் தொட்டது வாழ்நாளில் அதுவே முதல் முறை. பெரும்பாலான ரன்னிங் பேக்குகள் அந்த வயதுக்குள் களத்தை விட்டே போயிருப்பார்கள். இதைச் சராசரி என்றால் எனக்கு ஒப்பவில்லை.

இப்போதைய விதிப்படி ஒவ்வொரு ஆகஸ்ட் இறுதியிலும் 32 அணிகளும் 90 பேரிலிருந்து 53-க்கு இறங்க வேண்டும். அணிக்கு 37 பேர் வீதம் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இடம் இழப்பார்கள். அடுத்த முறை அந்தப் பெயர்கள் வெளியாகும்போது ரன்னிங் பேக்குகளை மட்டும் எடுத்துவைத்துப் பாருங்கள். யார் உதைக்குழுக்களில் ஆடியிருக்கிறார், அவருடைய பழைய பயிற்சியாளர்கள் இப்போது எந்த அணியில் இருக்கிறார்கள், அந்த அணி எந்த முறையில் ஓடுகிறது என்ற மூன்றையும் பொருத்திப் பார்த்தால், மறுநாள் வேவர் பட்டியலிலிருந்து யார் எங்கே போவார் என்பதைப் பல பெயர்களுக்கு நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடலாம்.