அசிட்ரோமை நிறுத்தினால்தான் பிள்ளையா?

கேள்வி: எனக்கு 27 வயது. தக்கலைக்குப் பக்கத்து ஊர். சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதயத்தின் மைட்ரல் வால்வு கெட்டுப்போய், 19 வயதில் திருவனந்தபுரத்தில் உலோக வால்வு வைத்தார்கள். ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம் மாத்திரை ஒரு நாள் 2 மில்லிகிராம், மறுநாள் 3 மில்லிகிராம் என்று மாற்றி மாற்றி எடுக்கிறேன். கல்யாணமாகி ஒன்றரை வருடம். இந்த மாத்திரையால் பிள்ளைக்குக் குறை வரும் என்கிறார்கள். அதனால் இப்போதே நிறுத்திவிட்டுக் குழந்தைக்கு முயற்சி செய்யலாமா? மாமியார் ஆசானிடம் (நாட்டு வைத்தியர்) கஷாயமும் வாங்கி வைத்திருக்கிறார். குழந்தை பிறந்தால் நான் பால் கொடுக்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மார்த்தாண்டம்

பதில்: மக்ளே, இன்று ராத்திரி போடவேண்டிய மாத்திரையை முதலில் போட்டுவிட்டு இதைப் படி.

அசிட்ரோம் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும் என்பது உண்மைதான். மூக்கும் எலும்பும் சரியாக உருவாகாமல் போகலாம், கரு கலையவும் செய்யலாம். ஆனால் உருவக் குறை வர அதிக வாய்ப்புள்ள காலம் 6-வது வாரத்திலிருந்து 12-வது வாரம் வரை. வாரக் கணக்கு கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து. உனக்கு 28 நாள் சுற்று என்றால், தேதி தள்ளிப்போகும் அன்று 4 வாரம்தான் ஆகியிருக்கும். அன்றே வீட்டில் சோதித்துப் பார்த்தால் கையில் இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. அப்படியிருக்க, இப்போதே எதற்கு நிறுத்த வேண்டும்? பிள்ளை தங்க ஆறு மாதம் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம். அத்தனை நாளும் அந்த உலோகத்துக்கு எந்தக் காவலும் இல்லாமல் கிடக்கும். மைட்ரல் இடத்தில் ரத்தம் மெதுவாகப் போவதால் அங்கே ரத்தக் கட்டி பிடிப்பதும் சுலபம்.

இருபது வருடத்துக்கு முன் குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு பெண் என்னிடம் வந்தாள். கர்ப்பம் என்று தெரிந்ததும் வேறு ஓர் இடத்தில் மாத்திரையை நிறுத்தி, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் ஊசி எழுதிக் கொடுத்திருந்தார்கள். தினம் ஒரே ஊசி, எல்லோருக்கும் போடும் அதே அளவு, ஒரு டெஸ்டும் இல்லை. ஒன்பதாவது வாரம் படுக்க முடியாமல் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். அவள் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டேன், உலோக வால்வின் டிக் டிக் சத்தம் இல்லை. அவசர அறுவையில் அவள் பிழைத்தாள். குழந்தை தங்கவில்லை.

ஹெபாரின் குழந்தைக்குப் போகாது, அதனால் அதற்கு நல்ல பெயர். வால்வைக் காப்பதில் அது மாத்திரைக்குக் குறைவுதான். 2015-இல் வெளிவந்த பல நாட்டுப் பதிவேடு ஒன்றில் உலோக வால்வுள்ள 212 கர்ப்பிணிகளில் 10 பேருக்கு வால்வில் கட்டி பிடித்தது. அதில் 5 பேருக்கு முதல் மூன்று மாதத்தில், அந்த ஐந்து பேரும் ஹெபாரினுக்கு மாறியவர்கள். பெரிய சிக்கல் எதுவும் இல்லாமல் உயிருள்ள குழந்தையோடு வீடு போனவர்கள் 58 சதவீதம். உன்னைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை, நீயும் உன் வீட்டுக்காரரும் கணக்குத் தெரிந்தே முடிவெடுக்க வேண்டும்.

இப்போது உன் அளவுக்கு வருவோம். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் நாளுக்கு 2.5. அசிட்ரோம் 2-க்குக் கீழே இருந்தால் குழந்தைக்கு ஆபத்து குறைவு. பேசி முடிவெடுத்து மாத்திரையையே தொடர்கிறவர்களும் உண்டு. நீ கோட்டுக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறாய். அதனால் 6 முதல் 12 வாரம் வரை ஊசிக்கு மாறச் சொல்ல வாய்ப்பு அதிகம். அப்படியென்றால் நாளுக்கு இரண்டு வேளை ஊசி, ஆஸ்பத்திரியில் இருந்து தொடங்க வேண்டும். ஊசி போட்ட 4–6 மணி நேரத்தில் ஊசியின் அளவு போதுமா என்று பார்க்கும் ஆன்டி-டென்-ஏ (anti-Xa) என்ற ரத்தப் பரிசோதனை, அதுவும் வாரா வாரம். எடை கூடக் கூட அளவும் கூடும். இந்த டெஸ்ட் எல்லா லேபிலும் கிடையாது. எங்கே செய்வார்கள் என்று இப்போதே விசாரித்து வை, திருவனந்தபுரம் போகும் வழியில் களியக்காவிளை நெரிசலில் நின்றுகொண்டு யோசிக்கிற விஷயமில்லை. 12 வாரம் கழிந்ததும் திரும்ப மாத்திரை. 36-வது வாரத்தில் மறுபடி ஊசி. மாத்திரை நிறுத்தி இரண்டு வாரம் ஆகும் முன்பே வலி வந்துவிட்டால் சிசேரியன்தான். குழந்தையின் ரத்தமும் இளகியிருக்கும், பிறப்புவழியில் தலை நெரிபட்டால் மூளையில் ரத்தம் கசியலாம்.

ஆகவே முயற்சிக்கு முன்பே எக்கோ எடுத்து, இதய டாக்டரையும் பிரசவ டாக்டரையும் ஒரே பேச்சில் உட்கார வை. வால்வு அட்டையைக் கையோடு கொண்டு போ. நம் பக்கத்தில் பலருக்கும் திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா மருத்துவ நிறுவனத்தில் உருவாக்கி 1990-இல் முதன்முதலாகப் பொருத்திய சித்ரா வால்வுதான் இருக்கிறது. உனக்கு எந்த வகை, எந்த அளவு என்று அட்டையில் இருக்கும். அதுவரை தடுப்பு முறை வேண்டும், ஆனால் ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை கூடாது. ஃபோலிக் அமிலத்தை இப்போதே தொடங்கலாம். ருமாட்டிக்குக்கான பெனிசிலின் ஊசி போட்டு வந்தால் அது கர்ப்பத்திலும் தொடரும். வால்வு சத்தம் மந்தமானாலோ, மூச்சு வாங்கினாலோ, ஒரு பக்கம் தளர்ந்தாலோ, விடியட்டும் என்று இருக்காதே. அந்த ராத்திரியே ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போய்விடு.

கஷாயம் வேண்டாம். ஆசான்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, என் அப்பாவின் தோள் இறங்கியபோது ஏற்றி வைத்தது ஓர் ஆசான்தான். ஆனால் அந்தக் கஷாயத்தில் என்னென்ன மூலிகை, அது அசிட்ரோமைக் கூட்டுமா குறைக்குமா என்று என்னால் சொல்ல முடியாது, அவராலும் முடியாது. பிரசவத்துக்குப் பிறகு எண்ணெய் போட்டு அமுக்கித் தடவுவதும் உனக்கு ஆகாது, உள்ளே ரத்தம் கசிந்து கட்டிவிடும். மாமியாரிடம் நான் சொன்னதாகவே சொல்.

பால் தாராளமாகக் கொடுக்கலாம். அசிட்ரோம் பாலில் வருவது மிகக் கொஞ்சம். பால் ஊறட்டும் என்று வீட்டில் தினம் முருங்கைக்கீரை வைப்பார்கள், அதுதான் உன் ஐ.என்.ஆரை (ரத்தம் எவ்வளவு இளகியிருக்கிறது என்று காட்டும் டெஸ்ட் அளவு) கீழே இழுக்கும். கீரையை விட வேண்டாம், தினமும் ஒரே அளவாகச் சாப்பிடு, அந்த வாரம் டெஸ்டைத் தவறவிடாதே.